அவுட்லுக் கேலண்டரில் சாய்கோடு: டெக்னோபார்க் நண்பர்களுக்குச் சில குறிப்புகள்

1990-இல் தொடங்கிய திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில், நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். மாலையில் கழக்கூட்டத்திலிருந்து தம்பானூர் போய் ஊர் ரயிலைப் பிடிக்க வேண்டியவருக்கு, கேலண்டரில் தவறாகத் தெரியும் ஒரு வெற்றுக் கட்டம் போதும். மீட்டிங் வந்து விழும், ரயில் போய்விடும். அதனால் இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

1. மீட்டிங் போடும்போது மற்றவர்களின் நேரம் தெரியாமல் சாய்கோடு வந்தால், எதையும் மாற்றுவதற்கு முன், கோளாறு எங்கே என்று பிரித்துப் பாருங்கள். ஒரே ஒருவருடைய நேரம் மட்டும் எல்லாருக்கும் தெரியவில்லை என்றால், கோளாறு அவருடைய மெயில்பாக்ஸில். உங்களுக்கு மட்டும் யாருடைய நேரமும் தெரியவில்லை என்றால் உங்கள் கணினியில். அலுவலகம் முழுக்க யாருக்குமே தெரியவில்லை என்றால் சர்வரில். அடுத்து, பிரவுசர் வழியாக மெயிலைத் திறந்து அதே மீட்டிங்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே தெரிகிறது, கணினியில் உள்ள அவுட்லுக்கில் மட்டும் தெரியவில்லை என்றால், அந்த நபரின் கேலண்டரில் பழுதில்லை; அவுட்லுக் சர்வரைத் தேடிப் போகும் வழியில்தான் சிக்கல். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. இதைச் செய்யாமல் அவுட்லுக்கை அழித்து மறுபடி நிறுவுகிறவர்கள் பாதி நாளை இழக்கிறார்கள்.

2. சாய்கோடு என்றால் 'பிஸி' என்று அர்த்தமில்லை. 'தகவல் இல்லை' என்பதற்கும் சாய்கோடு, 'உறுதியாகவில்லை' என்பதற்கும் சாய்கோடு, நிறம்தான் வேறு. திரையின் அடியில் உள்ள நிறக் குறிப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 'தகவல் இல்லை' என்றால் ஆளிடமே கேட்டுவிடுவது நல்லது.

3. ஒருவருடைய நேரம் மட்டும் தெரியாவிட்டால், அவர் தன் கேலண்டரின் அனுமதிப் பகுதியைத் திறந்து 'டீஃபால்ட்' என்ற வரியைப் பார்க்கட்டும். அங்கே 'ஃப்ரீ/பிஸி டைம்' இருக்க வேண்டும். அந்தரங்கம் போய்விடுமோ என்று பயந்து சிலர் அதை 'நன்' என்று மாற்றிவிடுகிறார்கள். பயம் வேண்டாம். இந்த அனுமதியில் நேரம் நிரம்பியிருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் மற்றவர்களுக்குத் தெரியும். டாக்டரைப் பார்க்கப் போகிறீர்களா, பெண் பார்க்கப் போகிறீர்களா என்பது தெரியாது.

4. லீவு போட்டிருந்தும் உங்களை 'ஃப்ரீ' என்று காட்டுகிறதா? நான் பார்த்த புகார்களில் அதிகம் இதுதான், இதற்கும் சர்வருக்கும் சம்பந்தமில்லை. 'முழு நாள்' என்று குறித்தால் அவுட்லுக் அதைத் தானாகவே 'ஃப்ரீ' என்று வைத்துக்கொள்ளும். 'ஷோ ஆஸ்' என்ற இடத்தில் 'அவுட் ஆஃப் ஆபீஸ்' என்று நீங்கள்தான் மாற்ற வேண்டும். அவுட்லுக் சேர்த்துத் தரும் விடுமுறை நாட்களும் 'ஃப்ரீ'யாகவே வரும். உள்ளூர் விடுமுறைகளை அந்தப் பட்டியலில் எதிர்பார்க்காதீர்கள். கும்ப மாதத்து ஆற்றுக்கால் பொங்காலை அன்று நகரத் தெருக்களெல்லாம் அடுப்புதான், வண்டி நகராது. பங்குனி, ஐப்பசி கோவில் விழாக்களின் ஆறாட்டு ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போவதால், அன்று மாலை சில மணி நேரம் விமானமே கிடையாது. தைப்பொங்கலுக்குத் திருவனந்தபுரம் உள்ளிட்ட எல்லை மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை உண்டு. கொச்சி அலுவலகத்துக்கு அது வேலை நாள். இந்த நாட்களை வருடத் தொடக்கத்திலேயே கையால் குறித்து வையுங்கள்.

5. உங்கள் கணினியில் மட்டும் கோளாறு என்றால்: கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள அவுட்லுக் ஐகானை, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி வலது கிளிக் செய்யுங்கள். 'டெஸ்ட் ஈமெயில் ஆட்டோகான்ஃபிகரேஷன்' என்று ஒரு வரி வரும். அதை ஓடவிட்டால் 'அவெய்லபிலிட்டி சர்வீஸ்' முகவரி தெரியும். முகவரியே வராவிட்டாலும், பழைய சர்வரின் பெயர் வந்தாலும், கோளாறு அவுட்லுக்குக்குச் சர்வர் முகவரியைத் தேடித் தரும் ஆட்டோடிஸ்கவரில். அந்தத் திரையைப் படம் பிடித்து ஐ.டி. குழுவுக்கு அனுப்பினால் அவர்கள் வேலை பாதி குறையும்.

6. சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு: நேற்றுவரை எல்லாருக்கும் தெரிந்தது, இன்று ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் முதலில் சர்டிஃபிகேட் தேதியைப் பாருங்கள். காலாவதியாகியிருந்தாலும், அதில் உள்ள பெயரும் ஆட்டோடிஸ்கவர் முகவரியும் ஒத்துப்போகாவிட்டாலும், மெயில் வந்துகொண்டே இருக்கும், ஃப்ரீ/பிஸி மட்டும் நின்றுபோகலாம்.

7. சர்வர்களின் கடிகாரங்களையும் ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் உள்ளே விடாது.

8. எல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யாவிட்டால் ஐ.ஐ.எஸ்ஸில் ஆட்டோடிஸ்கவர், சர்வீசஸ் ஆகிய இரண்டு அப்ளிகேஷன் பூல்களை மட்டும் ரீசைக்கிள் செய்து பாருங்கள். முழு சர்வரையும் ரீஸ்டார்ட் செய்ய அவசரப்படாதீர்கள். காரணத்தைக் காட்டும் தடயம் போய்விடும்.

9. நேரம் மட்டும் தள்ளித் தெரிந்தால் டைம் ஸோனைப் பாருங்கள். விண்டோஸ் பட்டியலில் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி' என்பதுதான் நமக்கு. அதன் பக்கத்தில் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்பதும் 5.30 என்றே இருக்கும். இலங்கை 2006 ஏப்ரலில்தான் மறுபடி 5.30-க்கு வந்தது; இன்று நேரம் ஒன்றே என்றாலும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

10. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. நியூயார்க்கின் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. தொடர் மீட்டிங், அதைப் போட்டவரின் ஊர் நேரத்தையே பின்பற்றும். நவம்பரில் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் அது சர்வர் கோளாறு அல்ல. ஊருக்கு ரயில் பிடிப்பவர்கள் அந்த மாதத்துக்கு முன்பே மேலாளரிடம் பேசி, இந்திய நேரத்தில் புதிதாக மீட்டிங்கைப் போடச் சொல்லுங்கள்.

11. பழைய கையேடுகளை அப்படியே நம்ப வேண்டாம். மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சின் 2003 பதிப்புக் காலத்தில் அவுட்லுக் 15 நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் நேரத்தைப் பப்ளிக் ஃபோல்டரில் எழுதி வைக்கும். 2007 பதிப்பிலிருந்து, கேட்ட நொடியில் மெயில்பாக்ஸிலிருந்தே எடுத்துத் தருகிறது. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அவற்றை இன்னும் ஓட்டுகிறவர்கள் ஃப்ரீ/பிஸியைச் சரிசெய்வதோடு நிறுத்தாமல், மாறும் தேதியையும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

12. ஐ.டி. குழுவுக்குப் புகார் எழுதும்போது 'கேலண்டர் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். யார் யாருடைய நேரத்தைப் பார்த்தார், எத்தனை மணிக்கு, பிரவுசரில் தெரிந்ததா, வந்த செய்தி என்ன என்ற நான்கையும் எழுதுங்கள்.