சிலேட்டு மலையும் புளி நாக்கும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத்தோடு கிடந்தவனுக்கு வைன் என்றால் ஒன்றுதான் தெரியும். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேக்கோடு கொடுத்தனுப்பும் சின்ன டம்ளர். பன்னீர் திராட்சை, சர்க்கரை, கிராம்பு. பாகு மாதிரித் தித்திக்கும். அந்த நாக்கோடுதான் புரட்டாசியில் ஜெர்மனிக்குப் போனேன். மகளும் மாப்பிள்ளையும் கோப்லென்ஸில் இருக்கிறார்கள். அங்கிருந்து ட்ரியர் போகும் ரயில் பாதி தூரம் மோசல் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. குடிக்கிற எண்ணம் இருந்தால் காரைத் தொடவே வேண்டாம்.

வழியில் கோகெம் ஊரில் முதல் வாய் ரீஸ்லிங், அந்த ஆற்றங்கரையின் வெள்ளை வைன். முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"மாமா, ட்ரோக்கன் வாங்கிட்டீங்க. இனிப்பே இருக்காது" என்றார் மாப்பிள்ளை.

அங்கே கற்ற முதல் பாடம் இது: பாட்டிலில் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். ரீஸ்லிங்கில் 12-க்கு மேல் இருந்தால் சர்க்கரை பெரும்பாலும் நொதித்துத் தீர்ந்திருக்கும். 8, 9 என்றால் கொஞ்சம் இனிப்பு மிச்சம். 'காபினெட்', 'ஃபைன்ஹெர்ப்' என்று எழுதியவற்றில் இருந்து தொடங்கினால் நம் நாக்கு சண்டை போடாது.

புளிப்பு மட்டும் எதிலும் போகாது. குளிரில் திராட்சை மெதுவாகப் பழுக்கிறது, புளிப்பு கரைவதில்லை. நம் கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கக் குலை வெட்டுகிறார்கள். மோசலில் இலையுதிர் காலத்தில் ஒரே அறுவடை. அதற்கும் வெயிலை இழுத்துப் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. வெயில் விழும் செங்குத்துச் சரிவாகப் பார்த்துக் கொடி நட்டிருக்கிறார்கள். தரையெல்லாம் சிலேட்டுச் சில்லு, நாம் ஒன்றாம் வகுப்பில் பல்பத்தால் எழுதினோமே அதே கல். பகலில் வாங்கிய சூட்டை அது ராத்திரியில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. பிரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு 60 பாகைக்கு மேல். முட்டிவலிக்காரர்கள் எதிர்க்கரையில் நின்று பார்த்தால் போதும். ஆளையும் கூடையையும் மேலே ஏற்ற ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு குட்டி வண்டி வைத்திருக்கிறார்கள். தண்டவாளத்துக்கு அடியில் பல் வெட்டியிருக்கிறது. எல்லோரும் மலையைப் படம் எடுக்க, நான் குனிந்து அந்தப் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்கு ஆற்றோரப் பெரிய உணவகங்களை விடுங்கள். 'ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட்' என்று கேளுங்கள். திராட்சை பயிரிடுகிறவரே தன் வீட்டில், வருஷத்தில் நான்கு மாதம் மட்டும், நாற்பது இருக்கைக்கு மேல் போகாமல், தன் சொந்த வைனை விற்கும் இடம். திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு தழைக்கொத்தோ துடைப்பமோ தொங்கும். அதைப் பார்த்ததும் என் மனைவி நின்றுவிட்டாள். "ஏங்க, அம்மை போட்டிருக்கோ?"

அவள் புரட்டாசி விரதம். வெங்காயம் போட்ட அடை மாதிரி ஒன்று, 'ட்ஸ்வீபல்கூகன்', இந்த மாதங்களில் எங்கும் கிடைக்கும். ஆனால் வழக்கமாக அதில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். 'ஓனே ஷ்பெக்' என்றால் இறைச்சி இல்லாமல். முன்கூட்டியே சுட்டு வைப்பதால் அப்படி எல்லா இடத்திலும் கிடைக்காது, உள்ளே நுழைந்ததும் கேட்டுவிடுங்கள். அவளுக்குத் திராட்சைச் சாறு தந்தார்கள். அதுவும் அதே தோட்டத்துப் பழம்.

அந்த அடைக்குத் துணை ஃபெடர்வைஸர். பாதி நொதித்த சாறு, கலங்கலாக, நாக்கில் சுறுசுறுவென்று ஏறும். சுண்ணாம்பு தடவாத பானையில் இறக்கிய பனஞ்சாறு மதியத்துக்குள் கள்ளாகத் திரும்புமே, அந்த நிலை. எங்கள் பக்கத்தில் பனை இருந்த காலத்து ருசி. இலையுதிர் காலத்தில் சில வாரம்தான் கிடைக்கும், அதற்காகவே பயணத்தை அப்போது வையுங்கள். ஒரு பாட்டில் வாங்கிப் பையில் படுக்க வைத்தேன். காற்று வெளியேற வேண்டும் என்று அதன் மூடியை இறுக்குவதே இல்லையாம். ரயிலில் பாதி பாட்டில் மனைவியின் சால்வையில். கோப்லென்ஸ் வரும் வரை அவள் பேசவில்லை.

சுவைத்துப் பார்க்கும் இடத்தில் துப்புவதற்கு ஒரு குவளை வைப்பார்கள். எனக்குக் கூச்சம். ஆறு வகையை விழுங்கிவிட்டேன். ஏழாவது எது, எப்படி இருந்தது என்று இன்றுவரை தெரியாது. துப்புங்கள், யாரும் பார்ப்பதில்லை.

ட்ரியர் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்கலாம். நோய்மாகனில் கிடைத்த ரோமானியக் கல்லறைச் சிற்பம் அங்கே இருக்கிறது: துடுப்புப் போடும் படகு நிறைய வைன் பீப்பாய்கள். அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த மது ஜாடித் துண்டுகள் நினைவுக்கு வந்தன. மனைவிக்குக் கால் வலி, சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

புளிப்பின் அருமை புரிந்தது மகள் வீட்டில்தான். சுண்டைக்காய் வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், பக்கத்தில் 8 சதவீதக் காபினெட். மிளகாய்க் காரத்தை அந்த லேசான இனிப்பு அமர்த்தியது. புளிக்குப் புளி சரியாக நின்றது. மூன்று நாள் உணவகங்களில் தேடியது சாப்பாட்டு மேஜையில் கிடைத்தது.

இந்தியாவுக்குள் ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டைப் புடவையில் சுற்றி, பெரிய பெட்டியின் நடுவில் வைத்தேன். மூன்றாவதாக மனைவி ஒன்று வாங்கினாள்: அந்தச் சரிவுகளில் விளையும் சிவப்புப் பீச் பழத்து ஜாம். வைன் இன்னும் திறக்கவில்லை. ஜாம் தோசைக்குத் தொட்டே தீர்ந்துவிட்டது.