பயம் வேறு, எரிச்சல் வேறு

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படித்தேன். இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கல்வராயன் மலையை வைத்து ஒரு திகில் வீடியோ கேம் செய்யப் போகிறாய். அதற்கு முன்மாதிரியாக யாரோ சொன்னார்களென்று ஜப்பானின் ‘சைரன்’ விளையாட்டைத் தோழி வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறாய். முதல் கட்டத்திலேயே ஒரு போலீஸ்காரன் திரும்பத் திரும்பச் சுட்டுக் கொன்றதில் வெறுத்துப்போய் மூடிவிட்டாய். ‘இதைப் போய் கிளாசிக் என்கிறார்களே, இதில் என்ன இருக்கிறது மாமா?’ என்று கேட்டிருக்கிறாய். ஃபோனில் தட்டிக்கொண்டிருந்தால் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

உன் வெறுப்பு நியாயமானது. ஆனால் அந்த விளையாட்டின் நல்லதும் கெட்டதும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. செய்யப் போகிறவள் நீ என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

முதலில் கொஞ்சம் வம்சாவளி. ஜப்பானில் 1989-ல் கேப்காம் நிறுவனம் ‘ஸ்வீட் ஹோம்’ என்றொரு விளையாட்டைக் கொண்டுவந்தது. அதைப் புதுப்பிக்கும் வேலையாகத் தொடங்கியதுதான் 1996-ல் ‘ரெசிடென்ட் ஈவில்’ ஆக முடிந்தது. சர்வைவல் ஹாரர் என்ற பெயர் பரவியது அதன் பிறகுதான். கையில் தோட்டா குறைவு, பையில் இடம் குறைவு, ஆட்டத்தைச் சேமிக்கக்கூட டைப்ரைட்டர் மை நாடா தேடி எடுத்து வர வேண்டும். பற்றாக்குறையை வைத்தே பயமுறுத்துகிற வித்தை அது. 1999-ல் கோனாமியின் ‘சைலன்ட் ஹில்’ வந்தது. அதன் ஊர் முழுக்கப் பனி மூடியிருக்கும். அன்றைய பிளேஸ்டேஷனால் தூரத்துக் காட்சிகளை வரைய முடியவில்லை. அந்தக் குறையை மறைக்கப் போட்ட பனியே அந்த விளையாட்டின் அடையாளமாகிவிட்டது. உன் கல்லூரி லேப் கம்ப்யூட்டர் மட்டமானது என்று புலம்பியிருந்தாயே, அந்தப் பனியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்.

சைலன்ட் ஹில்லை இயக்கிய கெய்ச்சிரோ டொயாமா பிறகு சோனிக்குப் போய், 2003 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2-க்காகச் செய்ததுதான் சைரன். கதை நடக்கும் இடம் ஹனுடா என்ற மலைக்கிராமம். 1976-ல் மண்சரிவில் காணாமல் போனதாகச் சொல்லப்படும் ஊர். 2003 ஆகஸ்டில் ஒரு நள்ளிரவு எங்கிருந்தோ சங்கு ஊதுகிறது. விடிந்து பார்த்தால் மலையைச் சுற்றி ரத்தச் சிவப்பில் கடல். மழையும் சிவப்பு. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக ‘ஷிபிட்டோ’ என்ற உயிருள்ள பிணங்களாக மாறுகிறார்கள். பள்ளி மாணவன், பாதிரியார், டாக்டர், டீச்சர், கிழட்டு வேட்டைக்காரர், பத்து வயதுச் சிறுமி என்று பத்துப் பேரின் மூன்று நாட்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி நாம் ஆட வேண்டும். ஒரு கிராமத்துப் படுகொலை வதந்தியைக் கேட்டு அதைப் பார்க்க வந்த பையன்தான் நீ முதலில் ஆடிய சுடா. 1938-ல் ட்சுயாமா பக்கத்தில் ஓர் இளைஞன் ஒரே இரவில் முப்பது பேரைக் கொன்ற உண்மைச் சம்பவத்தின் நிழல் அதில் இருக்கிறது.

இனி, நீ பொறுமையிழந்து தாண்டிப்போன விஷயத்துக்கு வருகிறேன். எல்2 பொத்தானை அழுத்திப் பிடித்தால் திரை இருண்டு இரைச்சல் கேட்கும். இடது குச்சியை மெல்லச் சுற்ற வேண்டும், பழைய ரேடியோவில் முள்ளை நகர்த்தி இலங்கை வானொலியைத் தேடுவது போல. ஒரு திசையில் இரைச்சல் விலகி மூச்சு வாங்குகிற சத்தம் வரும். யாருடைய கண்ணோ அது. கைவிளக்கு வெளிச்சத்தில் ஒரு பாதை ஆடி ஆடி நகர்கிறது. வாய் ஏதோ முணுமுணுக்கிறது. குச்சியை இன்னும் கொஞ்சம் சுற்றினால் இன்னொருவன், அசையாமல் ஓர் உயரத்திலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருக்கிறான். கையில் துப்பாக்கி. அவன் பார்வையின் ஓரத்தில் ஒரு பையன் புதரோரம் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பையன் நீதான்.

உன்னைக் கொல்ல வருகிறவன் கண்ணால் உன்னையே பார்க்க வைப்பது இருக்கிறதே, அதற்கு நிகரான யோசனையைத் திகில் விளையாட்டுகளில் நான் பார்த்ததில்லை. அதிலும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீ நகர முடியாது. கண்ணை அங்கே கொடுத்துவிட்டால் உடம்பு இங்கே நிராதரவாகக் கிடக்கும். பார்க்காமல் நடந்தாலும் ஆபத்து, நின்று பார்த்தாலும் ஆபத்து. டார்ச் கதையும் அதேதான். அடித்தால் உனக்கு வழி தெரியும், அவர்களுக்கு உன்னைத் தெரியும். அடிக்காவிட்டால் இரண்டும் இல்லை. நல்ல விளையாட்டு விதி என்பது ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். சைரனில் அடிப்படை விதிகள் அத்தனையும் அப்படி அமைந்தவை.

அந்தக் கண்கள் வழியே என்ன தெரிகிறது என்பது அடுத்த சிறப்பு. அந்தப் பிணங்கள் சும்மா அலைவதில்லை. ஒருவன் சுத்தியலால் பலகை அடித்துக்கொண்டிருக்கிறான். வீட்டுக்குள் சிலர் குடும்பம் நடத்துகிறார்கள். செத்த பிறகும் பழைய அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. நேரம் தவறாமல் நடக்கும் அந்த அன்றாடத்தைக் கவனித்து, இடைவெளி பார்த்து நாம் நழுவ வேண்டும். டோமோகோ என்ற பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி வருவாள். தான் மாறிப்போனது அவளுக்கே தெரியாது. தேவாலய ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே ஒளிந்திருக்கும் அப்பா அம்மாவைப் பார்த்து ஆசையாகச் சிரிக்கிறாள். உள்ளே அவர்கள் அலறுகிறார்கள். நான் சொல்வதைவிட நீ அதைப் பார்த்துவிடுவது நல்லது. பேயின் பக்கமிருந்து பாசத்தைக் காட்டிவிட்டால் அதற்குப் பிறகு பேய் என்ற சொல்லே நமக்குக் கூசும்.

முகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையான நடிகர்களின் முகங்களைப் படமெடுத்து உருவங்கள்மேல் ஒட்டியிருக்கிறார்கள். இன்று பார்க்க விகாரமாக, முகமூடி போட்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விகாரமே இந்தக் கதைக்குப் பொருந்திவிட்டது. இதைத் திறமை என்பதா அதிர்ஷ்டம் என்பதா, தெரியவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். உனக்குப் பிடித்த பகுதி.

சைரனில் வரைபடம் உண்டு, ஆனால் நீ அதில் எங்கே நிற்கிறாய் என்று காட்டாது. வழிதவறுவதும் பயத்தின் பகுதிதானே என்று வாதாடலாம், ஒரு கட்டம் வரை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் தூரத்து மேட்டில் நிற்பவன் ஒரே குண்டில் உன்னைச் சாய்த்துவிடுகிற இடங்களில் அந்த வாதம் எடுபடாது. முதல் முறை செத்தபோது உனக்குப் பயம் இருந்தது. இரண்டாவது முறை அவன் எங்கே நிற்கிறான் என்ற கணக்கு வந்தது. அதற்குப் பிறகு? கொட்டாவி. வெறும் பாடத்தை மனப்பாடம் செய்கிற வேலை. பயத்துக்குத் தெரியாமை வேண்டும். ஒரே மரணம் திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் தெரியாமை கரைந்துபோய் எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும். நீ மூடிவைத்தது பயந்துபோய் அல்ல, சலித்துப்போய். அதை விளையாட்டின் தோல்வி என்றுதான் சொல்வேன்.

அந்தப் போலீஸ்காரன் கட்டத்தையே எடுத்துக்கொள். கையில் ஆயுதம் கிடையாது. லாரிச் சாவியைத் தேடியெடுத்துக் கிளப்பி, அவன்மேல் ஏற்றிவிட்டுத் தப்ப வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் இதைவிட நல்ல பாடம் வைக்க முடியாது: உன்னால் சண்டை போட முடியாது, ஓடு, யோசி. ஆனால் பதற்றத்தில் இருப்பவருக்கு அந்தப் பாடம் காதில் விழும்படி சொல்லவில்லை. பாடம் சரி, வாத்தியார் சரியில்லை.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டு. ஒரு கட்டத்தை முடித்துவிட்டாலும் கதை முழுக்கத் திறக்காது. அதே கட்டத்துக்குத் திரும்பி வந்து இரண்டாவதாக ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும். எதற்காக என்று அப்போது புரியாது. ஓரிடத்தில் ஒரு துண்டை நனைத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்து உறைய விட வேண்டும். அதன் பலன் வேறொரு நேரத்தில், வேறொருவர் ஆட்டத்தில் வருகிறது. ஒருவர் செய்தது இன்னொருவர் விதியைத் திருப்புகிறது என்ற கருத்து அற்புதமானது. ஆனால் அதைத் தானாகக் கண்டுபிடித்த ஆட்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வழிகாட்டிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆடினால் யாருக்குப் பயம் வரும்? குறிப்புக் கொடுக்காமல் விடுவதை ஆழம் என்று நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம் சிறுகதைக்காரர்களிடமும் உண்டு. நீ அதில் மாட்டிக்கொள்ளாதே.

சண்டைக் காட்சிகள் மந்தம், ஆங்கிலக் குரல்கள் ஜப்பானிய மலையூருக்கு ஒட்டவே ஒட்டாத பிரிட்டிஷ் உச்சரிப்பு. இவை சில்லறைக் குறைகள். ஜப்பானிய ஒலியில் ஆடு.

சோனிக்கே இந்தக் குறைகள் தெரிந்திருந்தன. 2008-ல் பிளேஸ்டேஷன் 3-ல் ‘சைரன்: பிளட் கர்ஸ்’ என்று கதையைப் பன்னிரண்டு அத்தியாயங்களாகத் திருத்தி எழுதினார்கள். ஊருக்குள் வருபவர்கள் இப்போது அமெரிக்கத் தொலைக்காட்சிக் குழு. திரையைப் பிரித்து, எதிரியின் பார்வை ஒரு பக்கம் ஓட, நீ மறுபக்கம் நடக்கலாம். ஆட எளிது, அழகும்தான். ஆனால் கண்ணைக் கொடுத்தால் உடம்பு கிடக்கும் என்ற அந்த முதல் நிபந்தனை போய்விட்டதால் பாதிப் பயமும் போய்விட்டது. எரிச்சலைக் களையப்போய்ப் பயத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நான் பழையதைத்தான் சொல்வேன், வரைபடத்தில் ஒரு புள்ளியை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு.

இப்போது உன் மலைக்கு வருவோம். கோமுகி அணையைத் தாண்டிக் கரியாலூர், வெள்ளிமலை என்று ஏறுகிற அந்தச் சாலைக்கு நீ புதிதாகத் திகில் எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. கொண்டை ஊசி வளைவில் திடீரென்று மூடும் மூடுபனி, சில்வண்டுச் சத்தம், மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்கும் வீடுகள், பெரியார் அருவிப் பக்கம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாத தண்ணீர் இரைச்சல். ஒலியை நேரில் போய்ப் பதிவு செய். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓநாய் ஊளையைப் போட்டாயானால் உள்ளூர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையின் சங்கையே உன் சைரனாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். அது நல்ல யோசனை, விட்டுவிடாதே.

நீ அனுப்பிய கதைச் சுருக்கத்தில்தான் எனக்கு நெருடல். சென்னையிலிருந்து யூடியூப் எடுக்க வரும் நான்கு பேர், மலைக்கிராமத்தார் அத்தனை பேரும் இரவில் பேயாக மாறித் துரத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். இது சைரனின் இன்னொரு பலவீனம். வெளியூர்க்காரன் நல்லவன், மலையூர் முழுக்க மூடநம்பிக்கையும் ரகசிய வழிபாடும் என்ற அந்த வார்ப்பை அது உடைக்கவில்லை. ஹனுடா கற்பனை ஊர், அதனால் அங்கே யாருக்கும் காயமில்லை. வெள்ளிமலை கற்பனை அல்ல.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது நீ அந்த ஊரில்தான் இருந்தாய். அதையொட்டி எத்தனை கேமராக்கள் மலைமேல் ஏறின, என்ன பெயர் வைத்தன என்று பார்த்திருப்பாய். சாராயம் காய்ச்சும் மலை என்ற ஒற்றை வரிக்குள் அங்கே சாமையும் தினையும் விதைக்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் எல்லோரும் அடைக்கப்பட்டார்கள். அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்று பேச்சு அங்கே போனது. ராத்திரியில் பிரசவ வலி வந்த பெண்ணைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு இறங்குகிற மலைப்பாதையைவிடப் பயங்கரமான கட்டத்தை நீயோ டொயாமாவோ வடிவமைத்துவிட முடியுமா?

ஆகவே சைரனிடமிருந்து கதையை எடுக்காதே, கண்ணை எடு. உன் விளையாட்டில் ஆடுபவர் அந்த மலைப்பெண்ணாக இருக்கட்டும். பார்வையைப் பறிக்கும்போது அவள் பார்ப்பது கீழேயிருந்து ஏறி வருகிறவர்களின் கண்களாக இருக்கட்டும். டார்ச்சும் கேமராவுமாக வரும் அந்த நான்கு பேர் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவள் அவர்கள் கண் வழியே பார்க்கட்டும். அப்போது யார் யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்ற கேள்வி ஆடுபவருக்கு வந்தே தீரும். டோமோகோ ஜன்னலில் நின்ற காட்சி ஏன் உலுக்குகிறது என்பதற்கும் பதில் இதுதான்.

வேலை முறை பற்றி இரண்டே வார்த்தை. ஒரே ஒரு கட்டம் செய், பத்து நிமிட ஆட்டம் போதும். ஒருவர் ஒரே இடத்தில் மூன்றாவது முறை செத்தால் காற்றோ நாயோ ஏதோ ஒன்று அவருக்கு வழியைக் காட்டிக் கொடுக்கட்டும்.

அது முடிந்ததும் எனக்கு அனுப்புவதற்கு முன்னால், மலையிலிருந்து இறங்கி வந்து உன் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரிடம் கொடுத்து ஆடச் சொல். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதே. அவர்கள் எங்கே பயந்தார்கள், எங்கே சலித்தார்கள், எங்கே முகம் சுளித்தார்கள் என்று குறித்து வை. அந்தக் குறிப்பை எனக்கு முதலில் அனுப்பு, விளையாட்டை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா