அடைமழைக் காலத்து அயர்ன் பாக்ஸ்: அடியில் பிடித்த கறைக்கு இப்போது என்ன செய்யலாம்?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். சென்னைப் பக்கம் நவம்பரில்தான் கொட்டித் தீர்க்கும். கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் நடுவே இருக்கும் பொத்தேரியில், எஸ்.ஆர்.எம். மாணவர்கள் தங்கும் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் இந்த நாட்களில் மாடிக் கொடிக்கு வேலை இல்லை. ஃபேனுக்குக் கீழே அரைகுறையாக உலர்ந்த சட்டையின் மிச்ச ஈரத்தை எடுக்கும் வேலை அயர்ன் பாக்ஸின் தலையில் விழுகிறது.

வம்பு தொடங்குவதும் அங்கேதான். துணியில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. எனவே சூடு போதவில்லை என்று நினைத்து, திருகை உச்சத்துக்குத் திருப்புகிறார்கள். ஈரம் போன மறுநொடி துணியின் சூடு விறுவிறுவென ஏறும். திருகில் குறித்திருக்கும் ஒரு புள்ளி சுமார் 110, இரு புள்ளி 150, மூன்று புள்ளி 200 டிகிரி என்பது பொதுக் கணக்கு. நைலான் உருகுவது 220 டிகிரி வாக்கில் என்றாலும், அதற்கு வெகு முன்பே இளகி ஒட்டத் தொடங்கிவிடும். ஜவுளிக்கடையில் தரும் நான்-ஓவன் பையின் பாலிபுரோப்பிலீனுக்கு 165 டிகிரியே போதும். மேஜையில் கிடந்த பையின் மீது தெரியாமல் வைத்தால், மூன்று புள்ளிச் சூட்டில் அது அப்படியே அடித்தட்டில் அப்பிக்கொள்ளும்.

முதலில் கறையைப் பாருங்கள்

பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பழுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தால் அது கருகிய கஞ்சி. கறுப்பாகக் கெட்டிப்பட்டு, சூட்டில் நூல் நூலாக இழுத்தால் பாலியஸ்டரோ நைலானோ உருகிப் பிடித்திருக்கிறது. பிசுபிசுப்பு என்றால் காலர் கேன்வாஸின் பசையாகவோ கல்லூரி விழா டி-ஷர்ட்டின் அச்சு மையாகவோ இருக்கலாம். நீராவி அயர்னின் துளைகளைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருப்பது போர் தண்ணீரின் உப்பு.

அடுத்து அடித்தட்டு. பளபளக்கும் வெறும் உலோகமா, நான்-ஸ்டிக் பூச்சா, செராமிக்கா? உலோகத்துக்கு ஒத்துவரும் வைத்தியம் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடும். பூச்சு கீறிய இடத்தில் அடுத்த கறை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

கஞ்சிக் கறைக்கு

இதற்குச் சூடு தேவையில்லை. சமையல் சோடாவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஆறிய தட்டில் பூசி, சில நிமிடம் கழித்து மெல்லிய ஈரத்துணியால் துடையுங்கள். அலுமினியத் தட்டானால் நெடுநேரம் ஊறவிட வேண்டாம், நிறம் மங்கும். பூச்சுள்ள தட்டுக்கு வெறும் வெதுவெதுப்பான ஈரத்துணியை மடித்து அதன் மேல் பெட்டியைச் சற்று நேரம் வைத்தாலே கஞ்சி ஊறி இளகிவிடும்.

உருகிய துணிக்கு

தண்ணீரும் சோடாவும் இங்கே எடுபடா. பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, பிளாஸ்டிக் லேசாக இளகியதும் பிளக்கைப் பிடுங்குங்கள். மடித்த பருத்தித் துணியின் மேல் முன்னும் பின்னும் தேயுங்கள். பெரும்பகுதி துணிக்கு மாறிவிடும். மிச்சத்தை மரக் கரண்டியின் விளிம்பால் நீவி எடுக்கலாம். கத்தி, பிளேடு, கம்பி நார் மூன்றும் கூடாது.

வெறும் உலோகத் தட்டாக இருந்தால் மட்டும் உப்பு வைத்தியம் செய்யலாம். செய்தித்தாளில் தூள் உப்பைப் பரப்பி, நீராவியை நிறுத்திவிட்டு, சூடான பெட்டியை அழுத்தாமல் அதன் மேல் ஓட்டுங்கள். கல் உப்பு கீறும். நான்-ஸ்டிக், செராமிக் தட்டுகளுக்கு எந்த உப்பும் வேண்டாம்.

பாராசிட்டமால் மாத்திரையைச் சூடான தட்டில் தேய்க்கும் வழியும் பலருக்குத் தெரியும். அது சுமார் 170 டிகிரியில் உருகி, கறையை இளக்குகிறது. வேலை நடக்கும் என்றாலும், ஜன்னல் சாத்திய மழைநாள் அறைக்கு அந்தப் புகை ஆகாது. விரலும் சூட்டுக்கு மிக அருகே போகும். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் எளிதில் தீப்பற்றும்; சூடான பெட்டிக்கு அருகில் அதைக் கொண்டுபோகவே கூடாது.

வெள்ளைப் படிவுக்கு

வினிகரில் நனைத்த பட்ஸால் ஆறிய துளைகளைத் துடைத்து, பிறகு தண்ணீர்த் துணியால் ஒற்றியெடுங்கள். தொட்டிக்குள் வினிகர் ஊற்றுவதைச் சில நிறுவனங்கள் தடுக்கின்றன, கையேட்டைப் பாருங்கள்.

கரிப்பெட்டிக்காரர்களுக்கு

தெருமுனை இஸ்திரி வண்டிகளில் இன்னும் பித்தளைப் பெட்டிகள் ஓடுகின்றன. தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை இலவசமாக வழங்கியவையும் அவற்றில் உண்டு. மழையில் அவர்களிடம் குவிவது கஞ்சி போட்ட வேட்டியும் காக்கிச் சீருடையும். கரியைக் கொட்டி, ஆறிய பிறகு புளி தேய்த்துக் கழுவினால் பித்தளையின் கறுப்பு போகும். முழுக்கக் காய்ந்த பிறகே மறுபடி கரி போட வேண்டும். பிலிப்பைன்ஸில் கரிப்பெட்டிக்காரர்கள் வாழையிலை மீது பெட்டியை ஓட்டி அடியை வழுவழுப்பாக்கிக்கொண்டார்கள். செலவில்லாத அந்த வழி இங்கும் எளிதுதான்.

இந்த வாரம் முதல்

செயற்கைத் துணிகளை முதலில் தேய்த்து, பருத்தியைக் கடைசிக்கு வையுங்கள். அயர்ன் பாக்ஸ் சீக்கிரம் சூடேறும், மெல்லத்தான் ஆறும். அச்சுள்ள டி-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பியும், சமிக்கி வைத்த தீபாவளிப் புடவையை மேலே பருத்தித் துணி விரித்தும் தேய்க்க வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகினால் எர்த் இணைப்பு அறுந்துபோகும். பெட்டியைத் தண்ணீரில் முக்கிக் கழுவவே கூடாது.

சுத்தம் செய்த பின் முதல் ஓட்டத்தைப் பழைய வெள்ளைத் துணியில் நடத்திப் பாருங்கள். கறை இறங்கினால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். சூடு கூட்டினாலும் குறைத்தாலும் ஒரே அளவாக இருந்தாலோ, விளக்கு அணையாமலே எரிந்தாலோ கோளாறு தெர்மோஸ்டாட்டில் இருக்கலாம். அதை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். புதிதாக வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.