வளிக்கு மேலே ஒரு கண்

கார்த்திகைத் திங்களின் நிலவற்ற முன்னிரவில் உத்திரமேரூர் ஏரிக்கரையில் நின்று வடவானத்தை நோக்குவார்க்கு, அடிவானினின்று மூன்றில் இரு பங்கு உயரத்தில், பஞ்சுத் துகள் போன்ற மங்கிய ஒளியொன்று புலப்படும். அதுவே ஆண்ட்ரோமீடா என்னும் சுருள் விண்மீன் மண்டலம். நம் மண்டலத்துக்கு மிக அண்மையிலுள்ள பெருமண்டலம் அதுவே. தொலைவு ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டு. வானநூலார் கூறும் அண்மை இத்தகையது!

நம் கண்ணுக்கு எட்டுவது அதன் நடுப்பகுதியின் ஒளியே. அங்குள்ளவை பெரும்பாலும் முதிய மீன்கள். இளமீன்கள் பிறக்குமிடத்தை அறிய விழைவோர் புற ஊதாக் கதிரை நாடல் வேண்டும். வெப்பம் மிக்க அம்மீன்கள் அக்கதிரையே மிகுதியாக வீசுவன. ஆயின் நம் உயிரைக் காக்கும் ஓசோன் படலமே அதனுட் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றது. காவலூர்த் தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலமுடையது, இருந்தென்? வாராத கதிரை அஃது எங்ஙனம் வாங்கும்?

2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவினின்று ஏவப்பெற்ற ஆஸ்ட்ரோசாட், 650 கிலோமீட்டர் உயரத்தே இரு புற ஊதாத் தொலைநோக்கிகளைக் கொண்டு சேர்த்தது. அவற்றை உருவாக்குவதில் முன்னின்றது, 1792இல் எழுந்த சென்னை வானாய்வுக் கூடத்தின் வழிவந்த இந்திய வானியற்பியல் நிறுவனம். ஒவ்வோர் ஆடியும் 37.5 சென்டிமீட்டர் அகலமே; காவலூர் ஆடியில் ஆறிலொரு பங்கு. ஒரு நோக்கில் அடங்குவது முழுமதியளவு வானம். ஆண்ட்ரோமீடாவோ ஆறு மதிகளின் நீளமுடையது. ஆகவே பகுதி பகுதியாகப் படமெடுத்து இணைத்தனர். அப்படத்தில், மையத்தினின்று முப்பதாயிரம் ஒளியாண்டுக்கும் அப்பால், இளமீன் திரள்கள் வளையமாக ஒளிர்கின்றன.