பிறந்தநாளும் பதிவேடும்

பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களின் பெயரையும் முகவரியையும் காவல் துறை பதிந்து வைக்கும் முறையை அமெரிக்காவில் மாநில அளவில் முதலில் கொண்டுவந்தது கலிபோர்னியா, 1947இல். பதிந்ததோடு வேலை முடிவதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கெடு பிறந்தநாளை ஒட்டி, முன்போ பின்போ 5 பணி நாள்களுக்குள். வீடு மாறினாலும் அதே 5 பணி நாள். இந்தக் கெடுவைப் பற்றிப் பல தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. அவற்றை நம்பியவர்கள் மறுபடி சிறைக்குப் போகவும் நேர்கிறது.

நம்பிக்கை: கெடு நெருங்கும்போது அரசிடமிருந்து கடிதம் வரும்.

கலிபோர்னியாவில் அப்படி எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது. சிறையிலிருந்து விடுதலையாகும்போது விதிகள் அச்சிட்ட படிவம் ஒன்றைக் கொடுத்து, கையெழுத்து வாங்குகிறார்கள். பின்வரும் ஆண்டுகளுக்கெல்லாம் அதுவே அறிவிப்பு. தேதியை நினைவில் வைப்பது பதிவுதாரரின் பொறுப்பு. வேறு மாநிலங்களில் நடைமுறை வேறு. நியூயார்க்கில் ஆண்டுச் சரிபார்ப்புப் படிவம் தபாலில் போகிறது. ஆனால் கடைசியாகப் பதிவான முகவரிக்கு மட்டுமே. ஆள் வீடு மாறியிருந்தால் தபால்காரர் அதைப் புது முகவரிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார். ஒஹாயோவில் கெடு தவறியவருக்கு ஷெரிஃப் எழுத்து மூலம் எச்சரிக்கை அனுப்புகிறார். 7 நாளுக்குள் வந்து சரிபார்த்துவிட்டால் வழக்கு இல்லை. ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கமென்றால், ஒஹாயோவின் வழியே சரியான வழி.

நம்பிக்கை: மறந்துவிட்டது என்று சொன்னால் நீதிமன்றம் விட்டுவிடும்.

விடாது. பதிய வேண்டும் என்பதே ஒருவருக்குத் தெரியாதிருந்தால் அது வேறு. 1957இல் லாம்பர்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பதிவுக் கடமை இருப்பதை அறியாத, அறிய வாய்ப்பும் இல்லாத ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்றது. அது லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பொதுவான குற்றவாளிகள் பதிவு விதியைப் பற்றிய வழக்கு. பாலியல் குற்றப் பதிவேட்டுக்கும் கடமை உண்மையில் தெரிந்திருக்க வேண்டும் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2001இல் சொன்னது. ஆனால் அறிந்த பின் மறப்பது வெறும் மறதி, அது தற்காப்பு ஆகாது என்று அதே நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. கடும் மனச்சோர்வில் இருந்ததாகச் சொன்ன ஒருவரின் வாதமும் மறு ஆண்டே எடுபடாமல் போனது.

நம்பிக்கை: கெடு தவறியவர் தலைமறைவாகிவிட்டவர்.

இந்த எண்ணம்தான் எல்லாவற்றிலும் அதிகக் கேடு செய்வது. கலிபோர்னியாவில் ஒருவர் வீடு மாறி, புது முகவரியை 1999 செப்டம்பரில் முறையாகப் பதிந்தார். அக்டோபரில் பிறந்தநாள் வந்தது. முகவரி மாறவில்லை, பரோல் அலுவலருக்கும் அது தெரியும். ஒரு மாதம் முன்புதான் பதிந்த அதே விவரத்தை மறுபடி பதியவில்லை என்பதே குற்றம். பழைய தண்டனைகளையும் சேர்த்து, மூன்றாம் முறைக் குற்றவாளிகளுக்கான சட்டத்தின்படி அவருக்கு விதிக்கப்பட்டது 25 ஆண்டு முதல் ஆயுள் வரை. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது கொடுமையான தண்டனை என்று ரத்து செய்தது. எனினும் 2012இல், வேண்டுமென்றே பதியாமல் இருந்தவர் என்று கருதப்பட்ட இன்னொருவருக்கு அதே தண்டனையை மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒளிந்தவரையும் தேதி தவறியவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால்தான் புரியும்.

தேதி தவற அலுவலக நடைமுறையும் காரணமாகலாம். பல காவல் நிலையங்களில் பதிவுக்கு முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். வாரத்தில் சில நாள்களில்தான் அந்த வேலை நடக்கும். கடைசி நாளில் போய்த் திரும்பி வந்தவரிடம், தான் போனதைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. பதிந்ததற்கான சான்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவதே பாதுகாப்பு.

நம்பிக்கை: வீடில்லாதவருக்கு முகவரியே இல்லை, ஆகவே புதுப்பிக்க எதுவுமில்லை.

நிலைமை நேர்மாறானது. கலிபோர்னியாவில் நிலையான இருப்பிடம் இல்லாதவர் 30 நாளுக்கு ஒருமுறை நேரில் போய்ப் புதுப்பிக்க வேண்டும். நாள்காட்டியும் தொலைபேசியும் கைவசம் இருக்க வாய்ப்பு குறைந்தவருக்கே கெடு அடிக்கடி வருகிறது.

நம்பிக்கை: காலம் முடிந்தால் பெயர் தானாக நீங்கிவிடும்.

முன்பு கலிபோர்னியாவில் பதிவு என்றாலே ஆயுளுக்கும்தான். 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 10 ஆண்டு, 20 ஆண்டு, ஆயுள் என மூன்று அடுக்காகப் பிரித்தது. காலம் முடிந்தவர் மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். அரசு வழக்கறிஞர் எதிர்க்கலாம். இடையில் பதியத் தவறியதற்குத் தண்டனை பெற்றிருந்தால், சிறு குற்றமானால் 1 ஆண்டும் பெருங்குற்றமானால் 3 ஆண்டும் காலம் நீளும். மனு நிலுவையில் இருக்கும்போது பிறந்தநாள் வந்தாலும் காவல் நிலையம் போய்ப் பதிந்தாக வேண்டும். நீக்கம் செய்யும் நீதிமன்ற உத்தரவு வரும்வரை பதிவுக் கடமை அப்படியே நீடிக்கிறது.