நம்பிக்கைகளும் உண்மைகளும்: பக்கம் மறைந்தால் குற்றமாகுமா?

காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரிக் கொம்யூனைச் சேர்ந்ததும் ஞானசம்பந்தர் பாடிய திருமேனியழகர் எழுந்தருளியிருப்பதுமான கடலோரச் சிற்றூராகிய திருவேட்டக்குடி, 2010-இல் தோன்றிய புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் அங்கே அமைந்தபின், பல மாநிலத்துப் பிள்ளைகள் கணினிக் கல்வி பயிலும் ஊராகவும் விளங்குகிறது. 2020-இல் கொரோனா நோய் கல்விக்கூடங்களின் கதவுகளை அடைத்துவிட, அவ்வூரில் பயின்றோர் உட்பட நாடெங்கும் மாணவர்கள் இல்லத்திலிருந்தே திரைவழித் தேர்வெழுத நேர்ந்த நாள்தொட்டு, தேர்வுப் பக்கத்தை விட்டு அப்பால் போனால் அது உடனே அறிந்துகொள்ளும் என்ற அபிப்பிராயம் எழுதுவோரிடம் அச்சமாகவும் கண்காணிப்போரிடம் பெரும் விசுவாசமாகவும் வேரூன்றியிருக்கிறது. ஒரு மாணவனுடைய மானத்தைப் பாதிக்கக்கூடிய விஷயமாதலால், இதனைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியம்.

நாம் எந்தத் தளத்திற்குப் போனோம், எதைப் படித்தோம் என்பதைத் தேர்வுப் பக்கம் கண்டுவிடும் என்பது முதல் நம்பிக்கை. பக்கம் மறைவதுபற்றி உலாவி அதற்குத் தெரிவிப்பதோ, அது இப்போது திரையில் ‘விசிபிள்’ என்ற நிலையில் உள்ளதா, ‘ஹிட்டன்’ என்ற நிலையில் உள்ளதா என்ற ஒரே சமாசாரந்தான். நிலை மாறும் கணத்தில் ‘விசிபிலிட்டிசேஞ்ச்’ என்னும் சமிக்ஞை எழும். அதைக்கொண்டு எத்தனை நேரம் மறைந்திருந்தது என்று பக்கம் கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த நேரத்தில் மாணவன் விடை தேடினானா, தாயாரின் தொலைபேசி அழைப்பை ஏற்றானா என்று அறிவதற்கு இந்தச் சமிக்ஞையில் யாதொரு மார்க்கமும் இல்லை.

பக்கம் மறைந்ததென்றால் மாணவன் வேண்டுமென்றே விலகினான் என்பது இரண்டாவது நம்பிக்கை. அநியாயத்திற்கு அதிகமாக இடங்கொடுப்பதும் இதுவே. வேறு தாவலைத் திறந்தாலும், சாளரத்தைச் சுருக்கினாலும் பக்கம் மறையும் என்பது மெய். ஆனால் யோசனையில் ஆழ்ந்து விரல் அசையாதிருக்கையில் கைப்பேசியின் திரை தானே அணைந்து பூட்டிக்கொண்டாலும், வந்த அழைப்பு திரை முழுவதையும் ஆக்கிரமித்தாலும் அதே ‘ஹிட்டன்’ என்ற பதில்தான் கிடைக்கும். கைப்பேசியன்றி வேறு சாதனமில்லாத பிள்ளைக்கும், மேசைக் கணினியின் முன் அமர்ந்த பிள்ளைக்கும் இந்த அளவுகோல் சமமாக இராது என்பதைத் தேர்வு நடத்துவோர் உணர வேண்டும்.

எதிர்த்திசையிலும் இதே பிரமை உண்டு. பக்கம் ‘விசிபிள்’ என்றிருந்தால் கண்கள் அதன்மீதே இருந்தன என்று கொள்வார் உளர். இன்னொரு சாளரம் பாதியை மறைத்து நின்றாலும், அருகிலுள்ள இரண்டாம் திரையில் வேறொன்று விரிந்து கிடந்தாலும், மடியிலே ஒரு கைப்பேசி இருந்தாலும் பக்கம் தெரிவதாகவே பதிவாகும். சாளரம் தன் கவனத்தை இழந்ததைச் சொல்லும் ‘ப்ளர்’ என்பது முற்றிலும் வேறான சமிக்ஞை. பக்கத்திற்குள் பதித்த ஒரு காணொளிச் சட்டத்தைச் சொடுக்கினாலே அது எழக்கூடும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி எண்ணிக்கை கூட்டுவது பெரும் பிழை.

மாணவரைப் பிடிப்பதற்காகவே பக்கம் தெரிகிறதா மறைந்ததா என்று சொல்லும் இவ்வசதி இயற்றப்பட்டது என்பாரும் உண்டு. வேர்ல்டு வைடு வெப் கன்சார்ட்டியம் 2013-இல் இதனைப் பரிந்துரைத் தரமாக வெளியிட்டது, இணையச் செயல்திறனை ஆராயும் குழுவின் உழைப்பின் பயனாக. யாரும் பாராத பக்கத்தில் அசையும் படங்களையும் வழங்கிக் கணினியிடம் செய்யும் ஓயாத விசாரிப்புகளையும் நிறுத்தி, மின்கலத்தின் சக்தியைக் காப்பதே அதன் பிரதான நோக்கம்.

பக்கத்தை மூடும்போது தப்பாமல் ஒரு செய்தி எழும் என்று நம்பி, விடைகளை அந்த வேளைக்கென்று ஒத்திப்போடும் வழக்கமும் அபாயகரமானது. கைப்பேசியில் வேறு செயலிக்குச் சென்றபின் உலாவியை விரலால் ஒதுக்கித் தள்ளினால், ‘அன்லோட்’ என்னும் சமிக்ஞை எழாமலே போகலாம். பக்கம் மறைந்த அந்தக் கணமே நிச்சயமாக நம்பத்தக்க கடைசிச் சந்தர்ப்பம். விடையைக் காத்துக்கொடுக்கும் இந்தப் பிரயோஜனமே, குற்றம் சாட்டும் பிரயோஜனத்தைவிட எத்தனையோ மேலானது.

மறைந்த பக்கத்திலும் கடிகாரம் சரியாக ஓடும் என்பது மற்றொரு நம்பிக்கை. உலாவிகள் பின்புலத் தாவலிலுள்ள நேரக் கணிப்பானின் இயக்கத்தை நொடிக்கு ஒரு முறையளவில் கட்டுப்படுத்துகின்றன. 2021-இல் வந்த குரோம் 88 முதற்கொண்டு, ஒலியின்றி ஐந்து நிமிடத்திற்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தில் அது பெரும்பாலும் நிமிடத்திற்கு ஒன்றாகிவிடும். நொடிக்கொன்றாகக் குறைத்துக்கொண்டே வரும் கடிகாரம் அப்போது பின்தங்கி, இல்லாத நேரத்தை இருப்பதாகக் காட்டும். ஆகையால், தேர்வு முடியும் வேளையை வழங்கிக் கணினியில் வைத்து, பக்கம் மீண்டும் தெரிந்தவுடன் அதனோடு ஒப்பிட்டு மிச்ச நேரத்தைப் புதிதாகக் கணிப்பதே முறை.