சிலந்திக் கடியா, வேறொன்றா?

காலையில் எழுந்தவுடன் தோலில் ஒரு தடிப்பும் அதைச் சுற்றிச் சிவப்பும் காணப்பட்டால், “இரவில் சிலந்தி கடித்திருக்கும்” என்று வீட்டார் முடிவு செய்துவிடுவது வழக்கம். வானூர் வட்டாரத்திலும் மரக்காணம் உப்பளக் கரையிலும் இச்சொல்லை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தமிழில் ‘சிலந்தி’ என்னும் சொல், எட்டுக்கால் உயிரை மட்டுமன்றிக் கட்டியையும் புண்ணையும்கூடக் குறிக்கும். முற்காலத்தில் குடிநீர் வழியே பரவிய ‘நரம்புச் சிலந்தி’ நோயும் உண்மையில் ஒரு புழுவால் வந்ததே. இந்தியாவில் அந்நோயின் கடைசி நோயாளி 1996இல் கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டில் நாடு அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

பெயரைக் கொண்டு நோயை முடிவு செய்தல் சில வேளைகளில் உயிருக்கே ஊறு விளைவிக்கும். ஆதலால் இவ்விதழில், வீட்டுச் சிலந்திகளை அடையாளம் காண்பதோடு, சிலந்திக் கடி போலத் தோன்றும் பிற நோய்களையும் அறிந்துகொள்வோம்.

வீட்டில் காணப்படும் சிலந்திகள்

உலகில் ஏறத்தாழ 50,000 சிலந்தி இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நஞ்சு உண்டு. எனினும் அது சிறு பூச்சிகளைக் கொல்வதற்கே போதுமானது. மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடியவை மிகச் சிலவே.

இரவில் சுவரில் தட்டையாக ஒட்டி, விரைந்தோடும் பெரிய பழுப்புச் சிலந்தியைக் கண்டு பலரும் அஞ்சுகின்றனர். அது வலை பின்னாது. கரப்பான் பூச்சிகளை வேட்டையாடும். பெண் சிலந்தி தட்டையான வெண்ணிற முட்டைப் பையை வயிற்றின் கீழ்ச் சுமந்து செல்லும். அது கடித்தால் சிறிது நேரம் வலிக்கும், பெருந்தீங்கு நேராது. மூலைகளில் ஒட்டடை கட்டும், மயிரிழை போன்ற நீண்ட கால்களையுடைய சிலந்தியும், ஈயின்மேல் பாயும் சிறிய ஈப்புலியும் அஞ்சத்தக்கவை அல்ல.

கவனம் தேவைப்படுபவை இரண்டு வகை. முதலாவது, விதவைச் சிலந்தி இனம். உருண்டையான வயிற்றின் அடிப்புறத்தில் உடுக்கை வடிவில் சிவப்பு அல்லது செம்மஞ்சள் குறி இருக்கும். கடித்த இடத்தில் தொடங்கும் வலி பரவி, தசைப்பிடிப்பும் மிகுந்த வியர்வையும் உண்டாகலாம். இரண்டாவது, பழுப்பு நிறமுடைய ஒதுங்கி வாழும் சிலந்தி. அதன் முன்னுடலில் வயலின் போன்ற கருங்குறி உண்டு. பிற சிலந்திகள் பலவற்றுக்கு எட்டுக் கண்கள் இருக்க, இதற்கு ஆறு கண்களே. கடிக்கும்போது வலி குறைவாக இருந்து, சில மணி நேரத்திற்குப் பின் கொப்புளமும் தோல் அழுகலும் ஏற்படலாம். இவ்விரு வகைகளும் இந்தியாவில் பதிவாகியுள்ளன. ஆயினும் இவற்றின் கடி அரிது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரே வீட்டில் ஆறு மாதங்களில் 2,055 பழுப்புச் சிலந்திகள் சேகரிக்கப்பட்டன. அவ்வீட்டில் வாழ்ந்தோர் ஒருவரும் கடிபட்டதாகத் தெரியவில்லை என்று 2002இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

ஆதலால் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி, “சிலந்தி கடித்ததைக் கண்ணால் கண்டீர்களா?” என்பதே. காணவில்லையெனில், பின்வருவனவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிலந்தியின் பெயரில் மறைந்திருப்பவை

1. காய்ச்சலுடன் கரும்பொருக்கு: சிகரெட் சுட்டது போன்ற, வலியற்ற கரிய பொருக்கு அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ்ப்பகுதி ஆகிய மறைவிடங்களில் தோன்றினால், அது ‘ஸ்க்ரப் டைபஸ்’ நோயாக இருக்கலாம். புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வரும் நோய் இது. கடித்த 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மழைக்காலத்தை ஒட்டியும் அதனைத் தொடரும் குளிர் மாதங்களிலும் இது மிகுதி. சவுக்குத் தோப்பிலும் முந்திரிக் காட்டிலும் விறகு பொறுக்குவோர், ஆடு மேய்ப்போர் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். தொடக்கத்திலேயே அறிந்தால் டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் மருந்தால் குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியன பாதிக்கப்படலாம். பொருக்கு எல்லாருக்கும் தோன்றுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

2. கட்டு விரியன் கடி: தரையில் உறங்குவோரை இரவில் இப்பாம்பு கடிக்கும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. பல்தடமும் தெரியாமற் போகலாம். “ஏதோ பூச்சி” என்று மீண்டும் உறங்கிவிடுவோர் உண்டு. பின்னர் வயிற்று வலி, கண்ணிமை சரிதல், விழுங்க இயலாமை, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் ஆகியன தோன்றும். இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் விடியும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். பாம்பு நஞ்சு முறிமருந்து அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

3. ஆறாத கால் புண்: உப்புநீரில் நெடுநேரம் நிற்போரின் பாதங்களில் வெடிப்பும் கீறலும் எளிதில் உண்டாகும், அவற்றின் வழியே கிருமிகள் நுழைந்து சீழ் பிடிக்கும். நீரிழிவு உள்ளோருக்குக் கால் உணர்ச்சி குன்றியிருப்பதால் காயம் பட்டதே தெரிவதில்லை. இத்தகையோர் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுதல் நலம்.

4. அக்கி: உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எழும் எரிச்சலுள்ள கொப்புளங்களை, “எட்டுக்கால் பூச்சியின் எச்சில் பட்டது” என்று கருதுவோர் உளர். அது வைரஸால் வருவது. 72 மணி நேரத்திற்குள் மருந்து தொடங்கினால் பயன் மிகுதி.

சிலந்தி கடித்தால் செய்ய வேண்டியவை

கடித்த இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். குளிர்ந்த ஈரத்துணியை வைத்து எடுங்கள். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றுங்கள். சிலந்தியைக் கண்டிருந்தால் கைபேசியில் படமெடுத்தோ, இறந்ததாயினும் புட்டியில் இட்டோ கொண்டு வாருங்கள். வலி பரவுதல், வியர்வை, தசைப்பிடிப்பு, தோல் கருநீலமாதல், காய்ச்சல் ஆகியன இருந்தாலும், கடிபட்டவர் குழந்தையாகவோ கருவுற்றவராகவோ இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வருதல் வேண்டும். பாம்புக்கான முறிமருந்து சிலந்தி நஞ்சை முறிக்காது. அறிகுறிக்கு ஏற்ற சிகிச்சையே அளிக்கப்படும்.

கீறிக் குருதி எடுத்தல், வாயால் உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல், சுண்ணாம்போ மண்ணெண்ணெயோ தடவுதல் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். 2012ஆம் ஆண்டு அசாம் மாநிலத்தின் சதியா பகுதியில், சிலந்திக் கடியால் இருவர் இறந்ததாகச் செய்தி பரவிப் பேரச்சம் உண்டாயிற்று. கடிபட்டோர் சிலர் முதலில் உள்ளூர் வைத்தியரிடம் சென்று, காயத்தைப் பிளேடால் கீறிக்கொண்டிருந்தனர். உடற்கூறாய்வு நடைபெறாமையால், இறப்புக்குக் காரணம் நஞ்சா வேறா என்பது உறுதியாகவில்லை.

தடுக்கும் வழிகள்

விறகையும் பழைய ஓலையையும் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். செருப்பையும் துணியையும் உதறிய பின் அணியுங்கள். கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகி உறங்குங்கள். அது கொசுவோடு கட்டு விரியனையும் தடுக்கும். புதர்ப்பகுதிக்குச் சென்று திரும்பியதும் குளித்து, உடுத்த துணிகளைத் துவைத்துவிடுங்கள். துணிகளைப் புதர்மேல் உலர்த்த வேண்டா.

காய்ச்சலோடு வருவோர், உடலில் எங்கேனும் கரும்பொருக்கு இருந்தால், மறைவிடமாயினும் கூச்சமின்றி மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டுங்கள். நோயாளியால் காண இயலாத முதுகையும் அக்குளையும் உடன் இருப்போர் பார்த்துச் சொல்லுதல் பேருதவியாகும்.